சட்டி உடைக்கிற சாயங்காலம்

மிட்டாய்க்கடை ஹின்ரிக் எதையாவது மறைக்கிறார் என்றால் அதைக் கண்டுபிடிக்கப் பெரிய சாமர்த்தியம் தேவையில்லை. அன்றைக்கு அவர் சீட்டியடிக்க மாட்டார். மற்ற நாட்களில் விடியற்காலையில் பாதாம் அரைக்க நிற்கும்போதே சீட்டி தொடங்கிவிடும். தேவாலயப் பாட்டு, பட்டாளத்துப் பாட்டு, துறைமுகத்து மாலுமிகளின் கூச்சமில்லாத பாட்டு, எல்லாமே அவர் உதட்டில் ஒரே ராகம்தான். லூபெக் நகரத்தில் அந்தத் தெருக்காரர்கள் அதைக் கேட்டுத்தான் கண் விழிப்பார்கள்.

அந்த மே மாதத்துச் செவ்வாய்க்கிழமை, பட்டறை ஊமையாக இருந்தது.

ஒட்டிலி காபிக் கெண்டியை அடுப்பில் வைத்துவிட்டு இரண்டு முறை கதவருகே போய்க் காது கொடுத்தாள். பாதாம் அரைபடும் சத்தம் மட்டும் வந்தது. ஹின்ரிக்கின் விதவை அக்கா மெட்டா ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே அவளை ஓரக்கண்ணால் பார்த்தாள். மெட்டாவின் நாக்குக்கு மீன் சந்தையே ஒதுங்கி வழிவிடும்.

"என்ன, ரெண்டு பேருக்கும் சண்டையா?"

"இல்லையே அக்கா."

"அப்போ அந்தக் கடுதாசிதான். நேத்து சாயங்காலம் வந்துச்சு. பின்னால மெழுகு முத்திரை, கொம்பு வச்ச மான் தலை. வாங்கினதும் சட்டைப் பைக்குள்ள திணிச்சுக்கிட்டான். நான் பாக்கலேன்னு நினைப்பு."

ஒட்டிலியின் கை அந்தரத்தில் நின்றது. அந்த மான் தலையை அவளுக்குத் தெரியும். அதே மான் தலை பொறித்த வெள்ளிக் கரண்டியால் ஐந்து வருடம் சூப் குடித்தவள் அவள்.

அவள் கேட்கும்வரை ஹின்ரிக் காத்திருக்கவில்லை. பாதாம் மாவு அப்பிய கையோடு வந்து கடிதத்தை மேஜையில் வைத்தார். பெரிய உடம்புக்காரர், குற்றம் செய்த பள்ளிக்கூடத்துப் பையனைப்போல நின்றார். லுசென்ஹாகன் பண்ணை வீட்டிலிருந்து வீட்டு நிர்வாகி எழுதியிருந்தாள். வரும் சனிக்கிழமை செல்வி ஆக்னெஸின் கல்யாணம். மூன்றடி உயரத்தில் ஒரு மரக்கேக் வேண்டும். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் வந்து சேர வேண்டும். கடைசி வரி தனியாக இருந்தது: கடையின் எஜமானி நேரில் வந்து கேக்கைப் பொருத்திக் கொடுக்க வேண்டும்.

"அடுப்பு இடிஞ்சு போச்சுன்னு பதில் எழுதிடறேன், சீமாட்டி" என்றார் ஹின்ரிக். பதினைந்து வருடமாக அவளை அப்படித்தான் கேலியாகக் கூப்பிடுவார். அன்றைக்கு அந்தக் குரலில் கேலி இல்லை.

மெட்டா கத்தியை ரொட்டியில் குத்தி நிறுத்தினாள். ஊரில் வேறு கடையே இல்லையா என்று கொதித்தாள். பெற்றவளைக் கல்யாணத்துக்கு அழைக்கவில்லை. கேக் தூக்கிக்கொண்டு சமையலறைக் கதவு வழியாக வா என்கிறார்கள்! பட்ட காலிலேயே மறுபடி மிதிக்க வேண்டுமா அந்தப் பெரிய மனிதர்களுக்கு?

ஒட்டிலி கடிதத்தை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். ஆக்னெஸ் என்ற பெயரை மட்டும் விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"சமையலறைக் கதவா இருந்தா என்ன, சாக்கடைக் கதவா இருந்தா என்ன..." என்றாள் கடைசியில். "எம்பொண்ணை மணப்பொண்ணா ஒரு தடவை பாத்துட்டா போதும். நான் போறேன். கேக்கையும் நானே சுடறேன்."

ஹின்ரிக் அவளையே பார்த்தார். பிறகு மூக்கை மாவுக் கையால் துடைத்துக்கொண்டு பட்டறைக்குப் போனார். சற்று நேரத்தில் சீட்டி கேட்டது. ராகம் வழக்கம்போல மோசம்.

*

லூபெக்கில் இந்தக் கதை தெரியாதவர்கள் குறைவு. தெரியும் என்று நினைப்பவர்களுக்கும் பாதிதான் தெரியும். மீதியை நான் சொல்கிறேன்.

ஒட்டிலி பிறப்பிலேயே பிரபு வம்சம். இருபது வயதில் லுசென்ஹாகன் எக்கார்ட் பிரபுவுக்கு வாழ்க்கைப்பட்டாள். எக்கார்ட் நல்லவர்தான், வாய்தான் இல்லை. வீட்டில் வாய் முழுவதும் அவருடைய அம்மா தெக்லாவிடம் இருந்தது. பெரிய சீமாட்டி தெக்லா சீதனமாகக் கொண்டுவந்த பீங்கான் சாமான்கள் நாற்பது பேர் சாப்பிடக் காணும். வருடத்துக்கு ஒருமுறை அவற்றைத் தன் கையாலேயே துடைப்பாள். மருமகளைக்கூடத் தொட விடமாட்டாள். வீட்டில் ஒட்டிலிக்கு ஒரே துணை நாத்தனார் இர்ம்கார்ட். பதினான்கு வயதுப் பெண்ணாக இருந்ததிலிருந்து அண்ணி அண்ணி என்று பின்னாலேயே சுற்றியவள்.

இர்ம்கார்டுக்குப் பத்தொன்பது வயதானபோது ஒரு கோமகனோடு கல்யாணம் நிச்சயமானது. கல்யாணத்துக்குப் பியானோ வாசிக்க வேண்டுமே என்று சுருதி கூட்ட ஒருவனை வரவழைத்தார்கள். வந்தவன் பியானோவுக்குச் சுருதி கூட்டிவிட்டு வீட்டின் சுருதியைக் கலைத்துவிட்டுப் போனான். ஒருநாள் அதிகாலை, ஏரிக்கரைப் படகுக் கொட்டகையிலிருந்து அவனும் ஒரு பெண்ணும் வெளியே வந்ததைக் காவல்காரன் பார்த்துவிட்டான். பனியில் முகம் தெரியவில்லை. போர்த்தியிருந்த பச்சைச் சால்வை தெரிந்தது.

காலைச் சாப்பாட்டு மேஜையில் தெக்லா கேட்டது ஒரே கேள்வி: பச்சைச் சால்வை யாருடையது? எதிரே இர்ம்கார்டின் கிண்ணம் தட்டில் கடகடவென்று ஆடியது. கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது. ஒட்டிலி நாத்தனாரின் முகத்தைப் பார்த்தாள்.

"என்னுடையது" என்றாள்.

அது பொய்யல்ல. சால்வை அவளுடையதுதான். அதை அன்றைக்குப் போர்த்தியிருந்தது யார் என்று யாருமே கேட்கவில்லை. மாமியாருக்குக் கேட்கத் தேவை இருக்கவில்லை. கணவருக்குக் கேட்கத் தைரியம் இருக்கவில்லை. சுருதிக்காரன் பிரபுவாக இருந்திருந்தால் எக்கார்ட் துப்பாக்கி எடுத்துக்கொண்டு சண்டைக்காவது அழைத்திருப்பார். வேலைக்காரப் பயலோடு சண்டை போடுவது அந்தஸ்துக்குக் குறைவாம். அவன் அதற்குள் அமெரிக்காவுக்குக் கப்பலேறிவிட்டான். அன்று மத்தியானம் இர்ம்கார்ட் அண்ணியின் காலைக் கட்டிக்கொண்டு, வெளியே சொன்னால் ஏரியில் விழுந்துவிடுவேன் என்று அழுதாள். உன் கல்யாணம் முடியட்டும், அப்புறம் நீயே சொல்லு என்றாள் ஒட்டிலி. கல்யாணம் முடிந்தது. இர்ம்கார்ட் சொல்லவில்லை. விவாகரத்தும் முடிந்தது. குற்றம் மனைவி பேரில் என்று தீர்ப்பானதால் மூன்று வயது ஆக்னெஸ் அப்பா வீட்டோடு போனாள்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஒட்டிலியின் சொந்த அண்ணனே கதவைச் சாத்தினான். லூபெக்குக்கு வந்து வியாபாரிகள் வீட்டுப் பெண்களுக்குப் பிரெஞ்சு சொல்லிக் கொடுத்துக் காலம் தள்ளினாள். மூன்றாவது வருடம் ஒரு மழைநாளில் மிட்டாய்க்கடையில் ஒதுங்கினாள். உடைந்துபோன பாதாம் மிட்டாய்களை ஒரு தட்டில் போட்டு நீட்டினார் கடைக்காரர். உடைந்ததில்தான் ருசி அதிகம், கடைக்குள் இருக்கும் எங்களுக்கு மட்டும் தெரிந்த ரகசியம் என்றார். அவள் சிரித்துவிட்டாள். மூன்று வருடத்தில் அதுதான் முதல் சிரிப்பு. அடுத்த இளவேனிலில் அவரையே கட்டிக்கொண்டாள். பிரபு வீட்டுக்காரர்களுக்கு முதல் அவமானத்தைவிட இந்த இரண்டாவதுதான் பெரிதாகப்பட்டது. கள்ள உறவையாவது மன்னிக்கலாம், மாவு பிசைகிறவனுக்கு மனைவியாவதை எப்படி மன்னிப்பது என்று பேசிக்கொண்டார்களாம். பட்டம் போயிற்று. ஒட்டிலிக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. கனத்த குளிர்காலக் கோட்டைக் கழற்றிப் போட்டதுபோல இருந்தது என்று மெட்டாவிடமே சொல்லியிருக்கிறாள்.

ஒரே ஒரு குறைதான். ஒவ்வொரு புது வருடத்துக்கும் பாதாம் மாவில் ஒரு குட்டிப் பன்றி செய்து, பெயர் போடாமல் லுசென்ஹாகனுக்கு அனுப்புவாள். அதிர்ஷ்டத்துக்குப் பன்றி கொடுப்பது எல்லார் வீட்டு வழக்கம்தானே. பதினைந்து பன்றிகள் போயின. ஒன்றுக்கும் பதில் வந்ததில்லை.

*

மரக்கேக் சுடுவதற்குப் பொறுமை வேண்டும். பீச் மரக்கட்டை நெருப்புக்கு முன்னால் ஓர் உருளையைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மேலே ஒரு கரண்டி மாவு ஊற்றி, அது பொன்னிறமானதும் அடுத்த சுற்று ஊற்ற வேண்டும். வெட்டினால் மரத்தின் வளையம்போல வரி வரியாகத் தெரியும். வழக்கமாகப் பதினாறு சுற்று. வியாழக்கிழமை ஒட்டிலி நெருப்புக்கு முன்னால் உட்கார்ந்து பதினேழு ஊற்றினாள், பதினெட்டு ஊற்றினாள். இருபத்தொன்று ஆனதும்தான் கரண்டியைக் கீழே வைத்தாள். உருளையைச் சுற்றிய ஹின்ரிக் ஏன் என்று கேட்கவில்லை. ஆக்னெஸுக்கு என்ன வயது என்று அவருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை கிளம்பும்போது மெட்டா ஒரு பெரிய சாம்பல்நிற ஜாடியோடு வாசலில் நின்றாள். மீன் ஊறுகாய் போடும் ஜாடி. கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் பெண் வீட்டு வாசலில் மண்சட்டி உடைத்தால் மணமக்களுக்கு அதிர்ஷ்டம் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை.

"கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் வெறுங்கையோட போறவ நீ ஒருத்தியாத்தான் இருப்பே. இந்தா. போய் அந்த வீட்டு வாசல்ல போட்டு உடை. நல்லா சத்தம் வரணும், இங்க எனக்குக் கேக்கணும்."

"இது உங்க அம்மா கொடுத்ததாச்சே அக்கா!"

"அதனாலதான் சொல்றேன். சும்மா ஒரு சட்டியா எம்பொண்ணுக்கு..." என்று தொடங்கிய மெட்டா, சொன்ன சொல்லைத் தானே கேட்டுத் திடுக்கிட்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு, ரயிலுக்கு நேரமாகவில்லையா என்று இருவரையும் விரட்டினாள்.

லுசென்ஹாகன் சமையலறையில் ஒட்டிலியை அடையாளம் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. வேலைக்காரர்கள் எல்லாம் புதியவர்கள். அவள் கேக்கைத் தட்டில் நிறுத்தி, சர்க்கரைப் பாகு பூசி, உச்சியில் மணப்பெண்ணுக்குச் சூட்டும் மிர்ட்டில் இலைக்கொத்தைச் செருகினாள். நிர்வாகி வந்து பார்த்து மெச்சிவிட்டு, சாயங்காலம் இருந்துவிட்டுத்தான் போக வேண்டும், அப்படித்தான் உத்தரவு என்றாள். யார் உத்தரவு என்று ஹின்ரிக் கேட்பதற்குள் அவள் போய்விட்டாள்.

தன்னை ஊருக்கே வேடிக்கை காட்டி அவமானப்படுத்தத்தான் என்று ஒட்டிலிக்குத் தோன்றியது. இருந்தாலும் தலையில் முக்காட்டை இழுத்துக் கட்டிக்கொண்டு ஜாடியை எடுத்தாள். எல்லாருக்கும் பின்னால் நின்று ஒரு தடவை பார்த்துவிட்டு, அப்படியே கடைசி வண்டிக்குப் போய்விடலாம் என்று ஹின்ரிக்கிடம் சொன்னாள். இந்த ஒரு சாயங்காலத்துக்கு யாரையும் அழைப்பதும் கிடையாது, வந்தவர்களைத் துரத்துவதும் கிடையாது. பரம விரோதியானாலும் கையில் மண்சட்டியோடு வந்தால் வழிவிட்டாக வேண்டும். தாத்தா காலத்து வழக்கம். அதை மீறினால் மணமக்களுக்கு ஆகாது.

*

வடக்கே மே மாதத்தில் எட்டு மணிக்கும் வெளிச்சம் இருக்கும். முன்வாசலில் ஊரே கூடியிருந்தது. கொல்லன் ஓட்டை விழுந்த வாஷ்பேசினைக் கொண்டுவந்திருந்தான். பால்காரி ஒரு டஜன் கூரை ஓடுகளை ஏப்ரனில் சுமந்து வந்தாள். போதகரின் மனைவி ஒரு பழைய படுக்கையறைப் பாத்திரத்தைக் காகிதத்தில் சுற்றி எடுத்துவந்து, அது என்னவென்று யாருக்கும் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றாகப் படிக்கட்டின் கீழே விழுந்து நொறுங்கும்போதும் பக்கத்துக் குளத்து வாத்துகள் அலறின, ஜனங்கள் ஆரவாரித்தார்கள். எண்பது வயதை நெருங்கிய தெக்லா கைத்தடியோடு படியின் கீழேயே காவல் நின்றாள். யாராவது தெரியாமல் கண்ணாடிப் பாத்திரத்தை உடைத்துவிட்டால் அதிர்ஷ்டம் போய்விடுமே! பின்னால் எக்கார்ட் பிரபு நின்றார், தலை முழுக்க நரைத்துப்போய். பக்கத்தில் கறுப்புடையில் இர்ம்கார்ட். போன வருடம்தான் கோமகன் காலமாகியிருந்தார்.

அவர்களுக்கு மேல்படியில், கையில் துடைப்பத்தோடு, மாப்பிள்ளையின் பக்கத்தில் ஆக்னெஸ் நின்றாள்.

ஒட்டிலிக்கு மற்றதெல்லாம் மங்கிவிட்டது. உயரம் எக்கார்டுடையது. நெற்றியில் விழும் முடிச்சுருள் அவளுடையது. ஏதோ சொல்லி மாப்பிள்ளையைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தாள்... சந்தோஷமாக வளர்ந்திருக்கிறாள் என்று ஒட்டிலி நினைத்தாள். நன்றாகத்தான் வளர்த்திருக்கிறார்கள். அந்த நினைப்பில் நெஞ்சு நிறைந்து கண்ணை மறைத்தது. போதும். வந்த காரியம் முடிந்தது. ஜாடியை உடைத்துவிட்டுப் போய்விட வேண்டியதுதான்.

ஓங்கி எறிந்தாள்.

ஜாடி உடையவில்லை.

மெட்டாவின் அம்மா காலத்து ஜாடி அது. டங்கென்று தரையில் மோதி எகிறியது. கூடியிருந்த சில்லுகளின்மேல் ஓர் உருட்டு உருண்டது. ஊரே வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, நேராகப் போய்ப் பெரிய சீமாட்டியின் காலடியில் நின்றது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. தெக்லாவும் சிரித்தபடியே, யாருடைய இரும்புச் சட்டி இது என்று தலை நிமிர்ந்தாள். ஒட்டிலியின் முக்காடு தோளில் சரிந்திருந்தது.

தெக்லாவின் சிரிப்பு நின்றது. வயதானவர்களுக்கு அடையாளம் தெரிந்து தலைகள் ஒன்றோடொன்று சேர்ந்தன.

"இந்த வீட்டு வாசல்ல கால் வைக்க உனக்கு எப்படித் துணிஞ்சுது?" தெக்லாவின் குரல் தாழ்ந்துதான் இருந்தது. ஆனாலும் கடைசி வரிசைக்குக் கேட்டது. "நாளைக்கு இந்தப் பொண்ணு தேவாலயத்துக்குப் போகணும். உன் நிழல்கூட அவ மேல படக்கூடாதுன்னு பதினெட்டு வருஷமா பொத்திப் பொத்தி வளத்தேனே..."

"பாட்டி, அவங்களைக் கூப்பிட்டது நான்."

ஆக்னெஸ் துடைப்பத்தோடு படியிறங்கி வந்தாள். முகம் சிவந்திருந்தது. ஒவ்வொரு வருடமும் பன்றி வந்த பெட்டியின் அடியில் கடையின் பெயர் அச்சிட்டிருந்ததை எழுத்துக்கூட்டத் தெரிந்த வயதிலேயே படித்துவிட்டேன் என்றாள். பாட்டி நெருப்பில் போடச் சொல்வதற்குள் காதையும் வாலையும் கடித்துத் தின்றுவிடுவாளாம். அழைப்பு அனுப்பினால் வீட்டில் விடமாட்டார்கள். கேக்குக்கு எழுதினால் யாரும் கேட்க மாட்டார்கள். அதனால் நிர்வாகியைக் கொண்டு எழுதினாள்.

"இவங்க என்ன தப்பு பண்ணினாங்கன்னு எனக்குத் தெரியாது" என்றாள். "தப்பாவே இருக்கட்டும். வருஷம் தவறாம என்னை நினைச்சிருக்காங்க. நான் இவங்க முகத்தைப் பாக்கணும்னு நினைச்சேன், பாட்டி. அது மட்டும்தான்."

இவங்க என்றாள். அம்மா என்று சொல்லவில்லை. ஒட்டிலிக்கு அது உறைத்தது, ஆனாலும் கோபமில்லை. மூன்று வயதில் விட்டுவிட்டு வந்தவள் அதற்குமேல் எதிர்பார்ப்பது பேராசை. முன்னே வந்து ஜாடியை எடுத்துக்கொண்டாள்.

"உங்க பொழுதைக் கெடுக்க வரல, அத்தை. பொண்ணைப் பாத்துட்டேன். நல்லா இருக்கட்டும்." திரும்பி நடந்தாள். ஹின்ரிக் தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு அவளோடு சேர்ந்துகொண்டார். கூட்டம் விலகி வழிவிட்டது.

"அண்ணி!"

இர்ம்கார்ட் படியில் தடுக்கி, கைப்பிடியைப் பிடித்து, சில்லுகளின்மேலேயே நடந்து வந்தாள்.

"இன்னைக்கும் வாயைத் திறக்க மாட்டீங்களா அண்ணி? ஒரு வார்த்தை... என்னைக் காட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே இப்போ!" பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினாள். முகத்தில் கண்ணீர் வழிந்தது; குரல் மட்டும் தெளிவாக இருந்தது. "அந்தச் சால்வை அண்ணியோடது. போத்தியிருந்தது நான், அம்மா. குளிருதுன்னு நான்தான் எடுத்துட்டுப் போனேன். படகுக் கொட்டகையில இருந்தது நான். அண்ணிக்கு அந்த ஆளோட பேருகூடத் தெரியாது."

ஒரு வாத்து மட்டும் கத்தியது. போதகரின் மனைவி கையிலிருந்த பாத்திரத்தை மெல்லக் கீழே வைத்தாள்.

முதலில் அசைந்தவர் எக்கார்ட். பதினெட்டு வருடத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டியதை இப்போது கேட்டார். "ஏன் சொல்லல, ஒட்டிலி?"

"நீங்க கேப்பீங்கன்னு காத்திருந்தேன்" என்றாள் அவள். "ஒரே ஒரு தடவை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அவர் தலை குனிந்தது. அவரைக் குத்த வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. கேட்டார், பதில் சொன்னாள், அவ்வளவுதான். அழுதுகொண்டிருந்த இர்ம்கார்டைத் தோளோடு அணைத்துக்கொண்டாள். எத்தனையோ வருடம் அவள்மேல் கோபப்பட்டிருக்கிறாள். இந்தப் பாரமான பெண் தோளில் விழுந்ததும் பதினான்கு வயதில் பின்னாலேயே சுற்றியவள்தான் நினைவுக்கு வந்தாள். போதும், அழாதே, கல்யாண வீட்டில் அழக்கூடாது என்று அவளே சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது.

தெக்லா கைத்தடியை ஊன்றித் திரும்பினாள். மெல்லப் படியேறி உள்ளே போய்விட்டாள்.

கிழவி கதவைச் சாத்திக்கொண்டுவிட்டாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். கிழவிக்கு நெஞ்சுவலியோ என்று பால்காரி கிசுகிசுத்தாள். ஆக்னெஸ் துடைப்பத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அம்மாவையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தாள். உள்ளே அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது.

தெக்லா திரும்பி வந்தாள். கைத்தடி இல்லை. இரண்டு கைகளாலும் மார்போடு அணைத்து ஒரு பாத்திரத்தைக் கொண்டுவந்தாள். நாற்பது பேர் சாமானின் நடுநாயகம், நீலப் பூப்போட்ட பெரிய சூப்புப் பாத்திரம். அதைத் தாங்க முன்னே வந்த எக்கார்டைக் கண்ணாலேயே நிறுத்தினாள். படியின் விளிம்பில் வந்து நின்றாள்.

"இது ஆக்னெஸுக்கு இல்ல. அவளுக்குத் தட்டு உடைச்சாச்சு" என்றாள். மூச்சு வாங்கியது. "உன்னோட ரெண்டாவது கல்யாணத்துக்கு இந்த வீட்டுலேர்ந்து யாரும் ஒரு ஓட்டைச் சட்டிகூட உடைக்கல. அன்னைக்குச் சொன்னாங்க, மாவு பிசையறவனைக் கட்டிக்கிட்டான்னு. நான் சிரிச்சேன். சிரிச்ச வாயாலேயே சொல்றேன்... நல்லா இருங்க, ரெண்டு பேரும்."

எறிந்தாள்.

அந்த ஊரில் அதற்குமுன் அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். நீலமும் வெள்ளையுமாகச் சில்லுகள் குளம்வரை தெறித்தன. பிறகு கொல்லன் தொப்பியை மேலே வீசினான், கூட்டம் கூரை பறக்கும்படி ஆர்ப்பரித்தது. ஒட்டிலி படியேறி ஓடினாள். தெக்லா மருமகளின் முகத்தை இரண்டு கையிலும் ஏந்திப் பார்த்தாள். அவள் நெற்றியைத் தன் தோளில் அழுத்திக்கொண்டாள். கிழவிக்கு அழத் தெரியும் என்பதே அன்றைக்குத்தான் அந்த வீட்டுக்குத் தெரிந்தது.

"சரி, சரி" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. எறிவதற்குமுன் படியில் கழற்றி வைத்த மூடி மட்டும் மிச்சமிருந்தது. அதை எடுத்து ஹின்ரிக்கிடம் நீட்டினாள். "பாத்திரமே போனப்புறம் மூடி எதுக்கு? நீங்க போடுங்க, மாப்பிள்ளை."

மாப்பிள்ளை! ஹின்ரிக் மூடியை வாங்கிக்கொண்டு அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றார். கடைசியில் இரண்டையும் சேர்த்தே செய்தார். மூடி சுக்குநூறானது.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கறீங்க?" தெக்லாவின் பழைய அதிகாரம் திரும்பிவிட்டது. "யாருக்கு உடைச்சாங்களோ அவங்கதான் பெருக்கணும். புருஷனும் பொஞ்சாதியும் சேர்ந்து. ஒரு சில்லு மிச்சம் வைக்கக் கூடாது. நாளைக்கு முதல் வரிசையில பொண்ணோட அம்மா உக்காரணும், அதுக்குள்ள முடிங்க."

எக்கார்ட் பிரபு தானே போய்க் கொட்டகையிலிருந்து இன்னொரு துடைப்பமும் முறமும் கொண்டுவந்து ஹின்ரிக்கின் கையில் கொடுத்தார். இருவரும் ஒரு கணம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உங்கள் பன்றிகள் ரொம்ப நன்றாக இருந்தன, ஒன்றின் கால் எனக்கும் கிடைத்தது என்றார் பிரபு. பதினெட்டு வருடத்தில் அவர் பேசிய நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

இரண்டு ஜோடிகளும் பெருக்கத் தொடங்கினார்கள். ஆக்னெஸும் மாப்பிள்ளையும் ஒரு பக்கம், ஒட்டிலியும் ஹின்ரிக்கும் மறுபக்கம். ஹின்ரிக் சீட்டியடித்தார். மாலுமிப் பாட்டு. நல்லவேளை, அவர் ராகத்தில் அது போதகருக்கு அடையாளம் தெரியவில்லை. உடையாத ஊறுகாய் ஜாடி படியோரத்தில் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. மெட்டாவுக்கு என்ன பதில் சொல்வது என்ற கவலைகூட ஒட்டிலிக்கு இனிப்பாக இருந்தது.

குனிந்து பெருக்கியபடியே இரண்டு குவியல்களும் நடுவில் வந்து சேர்ந்தன. ஆக்னெஸ் நிமிர்ந்தாள். முடிச்சுருளை ஊதி ஒதுக்கினாள்.

"அம்மா, உங்க காலுக்குப் பக்கத்துல ஒரு சில்லு கிடக்கு."

வேலைக்கு நடுவில், போகிறபோக்கில், தினமும் சொல்கிறவள்போலச் சொன்னாள். நீலப் பூவோடு அந்தச் சில்லு ஒட்டிலியின் காலடியில் பளபளத்தது. அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

"எங்கே?" என்று கேட்டாள் ஒட்டிலி.

"அதோ, அங்கேதான், அம்மா" என்றாள் ஆக்னெஸ்.